கதவுப் பக்கம் காது வைத்த ஆல்பம்

ஸ்வீடன் நாட்டு பாப் குழு ஆபாவை எனக்குத் தெரியும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். 1992ல் வந்த 'ஆபா கோல்ட்' தொகுப்பில் இருக்கிற 19 பாட்டும் மனப்பாடம், எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வரும் என்பதுகூடத் தெரியும், அதுதான் ஆபா என்று முடிவே செய்துவிட்டிருந்தேன். அந்தத் தொகுப்பில் அவர்களுடைய 1981 ஆல்பமான 'தி விசிட்டர்ஸ்' ஆல்பத்திலிருந்து எடுத்தது ஒரே ஒரு பாட்டுதான், 'ஒன் ஆஃப் அஸ்'. மீதி எட்டுப் பாட்டும் அங்கே இல்லை. உலகத்தில் பாதிப்பேர் ஆபாவை அந்தத் தொகுப்பு வழியாகத்தான் கேட்டிருப்பார்கள், அப்படியென்றால் அவர்களுக்கும் என்னைப் போல இந்த ஆல்பம் கைக்கு எட்டாமலே போயிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை கேட்டபோது ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சரியான ஆல்பத்தைத்தான் போட்டிருக்கிறேனா என்று பார்த்தேன். தலைப்புப் பாட்டு அப்படித் தொடங்குகிறது. அடியில் ஒரே சுரத்தில் சிந்தசைசர் நிற்கிறது, தம்புரா மாதிரி, நகராமல். அதன் மேலே குழுவின் இரண்டு பாடகிகளில் ஒருவரான ஃப்ரீடாவின் குரல், ஆனால் நமக்குத் தெரிந்த அந்த அகலமான குரல் இல்லை, எங்கோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற மாதிரி, உணர்ச்சியைப் பிடித்து வைத்துக்கொண்டு பாடுகிறார். வீட்டு மணி அடிக்கிறது, உள்ளே இருப்பவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டின் கதை இதுதான். யார் வந்திருக்கிறார்கள் என்று பாட்டு சொல்வதில்லை. ரகசியமாகக் கூடிப் பேசியவர்கள், தாழ்ந்த குரலில் பேசிய அறை, புத்தகங்கள், இப்போது கதவுக்கு வெளியே காலடிச் சத்தம். சோவியத் யூனியனில் அரசை எதிர்த்துப் பேசிய அறிவாளிகளை மனதில் வைத்து எழுதியது என்று குழுவில் பாட்டு எழுதுகிற பியோர்ன் பிற்பாடு சொன்னார். வெளியானபோது அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. அப்புறம் கோரஸ், நம் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வருகிற பகுதி, வரும்போது திடீரென்று டிரம் அடித்து எல்லாம் பிரகாசமாகத் திறக்கிறது, ஆனால் வார்த்தைகளைக் கேட்டால் அந்த ஆள் மனம் உடைந்துகொண்டிருக்கிறார். இசை ஆட்டம் போடுகிறது, பாடுகிறவர் நடுங்குகிறார். ஆபாவுக்கு இந்த வித்தை புதிதில்லை, சோகத்தைத் துள்ளலில் வைத்துக் கொடுப்பது அவர்கள் கைவந்த கலை, ஆனால் இந்த அளவுக்குப் பயத்தை வைத்தது இதில்தான்.

ஆல்பம் வந்தது 1981 நவம்பர் 30. இரண்டே வாரத்துக்குள், டிசம்பர் 13ல், போலந்தில் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆபாவுக்கு ரசிகர்கள் கொட்டிக் கிடந்த நாடு அது, 1976ல் குழுவே அங்கே போய் தொலைக்காட்சியில் பாடிவிட்டு வந்திருந்தது. அந்த டிசம்பரில் அங்கே எத்தனை வீட்டில் மணிச்சத்தத்துக்கு ஆட்கள் அப்படி அசையாமல் இருந்திருப்பார்கள் என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன்.

சரி, குழுவின் கதைக்கு வருகிறேன், இது தெரியாமல் ஆல்பத்தைப் பற்றிப் பேச முடியாது. இரண்டு தம்பதிகள் சேர்ந்த குழு ஆபா. அக்னெத்தாவும் பியோர்னும் 1979 தொடக்கத்தில் பிரிந்தார்கள். பென்னியும் ஃப்ரீடாவும் பிரிகிறோம் என்று 1981 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அடுத்த மாதமே, மார்ச்சில், நான்கு பேரும் ஸ்டாக்ஹோமில் இருக்கிற அவர்களுடைய போலார் ஸ்டூடியோவில் இந்த ஆல்பத்துக்காக உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டு எழுதுவது பென்னியும் பியோர்னும், பாடுவது அக்னெத்தாவும் ஃப்ரீடாவும். அதாவது முன்னாள் கணவர் எழுதிக் கொடுப்பதை முன்னாள் மனைவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்று பாட வேண்டும். நவம்பர் வரைக்கும் இப்படியே வேலை நடந்திருக்கிறது.

அந்த மார்ச்சில் முதலில் பதிவு செய்த பாட்டுகளில் ஒன்று 'வென் ஆல் இஸ் செட் அண்ட் டன்'. பென்னி, ஃப்ரீடா பிரிவைப் பார்த்து பியோர்ன் எழுதியது. எழுதிவிட்டு அவர்கள் இருவரிடமும் இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறார், அவர்கள் சரி என்றிருக்கிறார்கள். பிரிவை அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது. தன் திருமணம் முடிந்த கதையை நண்பர் எழுத, விட்டுப் பிரிந்தவர் கீபோர்டில் உட்கார்ந்திருக்க, ஃப்ரீடா பாடினார். அழுது பாடவில்லை, நான் சொல்ல வருவது அதைத்தான். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, யார் மேலும் பழி இல்லை, வயது கொஞ்சம் ஏறிவிட்டது, இன்னும் வாழ்க்கை மிச்சமிருக்கிறது என்று நிமிர்ந்து நின்று சொல்கிற குரல் அது. கடைசிக் கோரஸுக்கு முன்னால் இசை ஒதுங்கிக் குரல் மட்டும் முன்னே வருகிற இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். குரல் எங்கேயும் உடையவில்லை. ஆனால் உடையாமல் பார்த்துக்கொள்கிறார் என்பது கேட்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கும் இந்த ஆல்பத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவதற்கும் ஒத்துப்போவதில்லை. 'விவாகரத்து ஆல்பம்' என்பார்கள், இல்லையென்றால் 'பிரியாவிடை ஆல்பம்' என்பார்கள். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, பின்னாலிருந்து திரும்பிப் பார்த்து ஒட்டிய சீட்டு. 1982 மே, ஜூனில் அடுத்த ஆல்பத்துக்காக மறுபடியும் அதே ஸ்டூடியோவில் பாட்டுகள் பதிவு செய்துகொண்டிருந்தார்கள், அது கூடிவரவில்லை, கோடையில் சேர்த்த சில பாட்டுகள் ஆல்பத்தில் சேராமல் தனித்தனித் தட்டாக விற்கிற தனிப்பாட்டுகளாக (சிங்கிள்) வந்தன, அந்த டிசம்பரோடு எல்லாம் அடங்கிப்போனது. 'தி விசிட்டர்ஸ்' செய்தபோது இதுதான் கடைசி என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. அப்படி இருக்கும்போது ஒவ்வொரு பாட்டிலும் போய்வருகிறேன் என்கிற அர்த்தத்தைத் தேடினால், அந்தப் பாட்டு நிஜமாக என்ன சொல்கிறது என்பது காதில் விழாது.

எனக்குக் கேட்பது வேறு. இது அறைகளுக்குள்ளே நடக்கிற ஆல்பம். தலைப்புப் பாட்டில் பூட்டிய அறை, வாசலில் மணி. 'ஒன் ஆஃப் அஸ்' பாட்டில் பிரிந்து வந்தவள் தனியாகப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்' பாட்டில் காலை வேளை வீடு, பள்ளிக்கூடம் கிளம்பும் குழந்தை. கடைசிப் பாட்டில் இரவு, ஓர் அறை, அணையப்போகிற நெருப்பு. 'சோல்ஜர்ஸ்' பாட்டில்கூட போர்க்களம் கிடையாது, தூரத்தில் இடி மாதிரி ஏதோ கேட்கிறது, அது என்ன என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறவர்கள்தான் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதவுப் பக்கம் காதை வைத்திருக்கிறார்கள். யாரோ வரப்போகிறார்கள், அல்லது யாரோ இப்போதுதான் போனார்கள்.

அட்டைப் படத்தைப் பாருங்கள், அதுவும் ஓர் அறைதான். ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் யூலியஸ் க்ரோன்பெர்க் என்கிற ஓவியரின் பழைய ஓவியக்கூடம் இருக்கிறது, அங்கே லார்ஸ் லார்சன் எடுத்த படம். ஆல்பத்தின் அட்டையை வடிவமைத்தவர் ரூனே சோடர்க்விஸ்ட். விசிட்டர்ஸ் என்றால் தேவதைகளாகவும் இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, க்ரோன்பெர்க் சிறகு முளைத்த உருவங்களை வரைந்தவர், அதனால் அந்த இடம். பின்னால் பெரிய ஓவியத்தில் ஈராஸ், காதல் தெய்வம். முன்னால் மங்கிய வெளிச்சத்தில் நான்கு பேர், ஆளுக்கொரு பக்கம், யாரும் யாரையும் பார்க்கவில்லை. முந்தைய வருடத்து 'சூப்பர் ட்ரூப்பர்' அட்டையில் சர்க்கஸ் ஆட்கள் சூழ, வெள்ளை உடையில், ஒளிவட்டத்துக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றவர்கள் இவர்கள்தான். இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு வருடம்தான் இடைவெளி.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான். ஆபாவின் ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோ. 1973லிருந்தே அவர் கையாண்ட ஒரு உத்தி உண்டு. மொத்த வாத்தியத்தையும் ஒரு தடவை பதிவு செய்வார், அப்புறம் டேப்பின் வேகத்தைத் துளியூண்டு மாற்றிவிட்டு அதன் மேலேயே இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வார். இரண்டும் சேரும்போது சுருதியில் மயிரிழை வித்தியாசம் இருப்பதால் ஒலி தடித்து, பளபளத்து, பத்துப் பேர் வாசிக்கிற இடத்தில் முப்பது பேர் வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். 'டான்சிங் குவீன்' மாதிரியான பாட்டு அப்படி ஒரு சுவராக நம் மேல் வந்து விழுவதற்குப் பின்னால் இந்த மாதிரி அடுக்கிய வேலை இருக்கிறது. 'தி விசிட்டர்ஸ்' நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்டூடியோவுக்கு 3எம் கம்பெனியின் 32 டிராக் டிஜிட்டல் பதிவுக்கருவி வந்து சேர்ந்தது. மார்ச்சில் தொடங்கிய மூன்று பாட்டுகள் பழைய டேப்பில், மீதி ஆறும் புதிய கருவியில். டேப்பின் இரைச்சல் போய்விட்டது. இரைச்சல் போனதும் குரலுக்கும் வாத்தியத்துக்கும் நடுவில் வெற்றிடம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, குளிர்ந்த ஒலி என்பார்கள். குளிர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பாட்டுகளுக்கு அந்தக் குளிர் வேண்டியிருக்கிறது. அறைக்குள் ஒருவர் தனியாக இருக்கிறார் என்றால் அவரைச் சுற்றி வெற்றிடம் கேட்க வேண்டும். பழைய தடித்த சுவருக்குள் 'லைக் ஆன் ஏஞ்சல் பாஸிங் த்ரூ மை ரூம்' பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இன்னொன்று. டிஜிட்டலில் பிறந்த இந்த ஆல்பத்துக்கு ஒரு பொருத்தமான விதி வாய்த்தது. 1982 ஆகஸ்ட் 17ல் ஜெர்மனியில் ஹானோவர் பக்கத்தில் லாங்கன்ஹாகன் தொழிற்சாலையில் சிடி உற்பத்தியைத் தொடங்கியபோது, முதன்முதலாக அச்சடித்து வெளியே வந்த பாப் ஆல்பம் இதுதான். சிடி என்கிற காலமே இந்த ஆல்பத்தோடு தொடங்கியது என்று சொல்லலாம். அப்படிப்பட்ட ஆல்பத்தைத்தான் நான் இத்தனை வருடம் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கலகலப்பான பாட்டு, நன்றாகவே செய்திருக்கிறார்கள், ஆனால் தலைப்புப் பாட்டு விட்டுப்போகிற மனநிலைக்குப் பின்னால் அது வரும்போது பக்கத்து வீட்டு வானொலியிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது. 'டூ ஃபார் த ப்ரைஸ் ஆஃப் ஒன்' பியோர்ன் பாடியது. ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிற ஒரு தனி மனிதன் பத்திரிகையில் துணை தேடி வந்த விளம்பரத்தைப் பார்த்து போன் செய்கிறான். வேடிக்கைப் பாட்டுதான், ஆல்பத்தில் பலவீனமான இடம் என்று நிறையப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் தாண்டியிருக்கிறேன், ஆனால் இப்போதெல்லாம் தாண்டுவதில்லை, அவனும் ஒரு அறைக்குள் உட்கார்ந்து யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவன்தானே.

'ஐ லெட் த மியூசிக் ஸ்பீக்' மேடை நாடகத்துக்கு எழுதின மாதிரி இருக்கும். மெட்டு ஒரே இடத்தில் நிற்காமல் வளைந்து வளைந்து போகிறது, ஃப்ரீடா அதை ஒரு நடிகை மாதிரி கட்டி இழுத்துக்கொண்டு போகிறார். பென்னிக்கும் பியோர்னுக்கும் அப்போதே நாடக மேடை மேல் கண் இருந்தது, அடுத்து பாடலாசிரியர் டிம் ரைஸோடு சேர்ந்து 'செஸ்' என்கிற இசை நாடகம் செய்யப் போய்விட்டார்கள். இந்தப் பாட்டை பென்னி மறக்கவே இல்லை. 2017ல் தன் மெட்டுகளைத் தனியாகப் பியானோவில் வாசித்து 'பியானோ' என்று ஒரு ஆல்பம் வெளியிட்டாரே, அதில் முதல் பாட்டு இதுதான். அத்தனை வெற்றிப் பாட்டுகளை வைத்துக்கொண்டு இதை முதலில் வைக்கிறார் என்றால் மெட்டுப் போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆன் சோஃபி வான் ஓட்டர் என்கிற ஸ்வீடன் ஆபரா பாடகி 2006ல் ஆபாக்காரர்களின் பாட்டுகளைப் பாடி ஒரு ஆல்பம் செய்தபோது அந்த ஆல்பத்துக்கே இந்தப் பாட்டின் பெயரைத்தான் வைத்தார்.

இப்போது 'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்'. இதைப் பற்றி எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்து போய்விட்டேன்.

பியோர்னுக்கும் அக்னெத்தாவுக்கும் மூத்த மகள் லிண்டா, 1973ல் பிறந்தவள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில் ஒரு நாள் அவள் நடந்து போவதை பியோர்ன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், போகிற வழியில் அவள் திரும்பிக் கையாட்டியிருக்கிறாள். அந்தக் கையாட்டலிலிருந்து வந்த பாட்டு இது. எழுதியது அப்பா, பாடியது அம்மா, அதற்குள் அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு குழந்தை போகிறாள், அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறாள். காலைச் சாப்பாட்டு மேசையில் தூக்கக் கலக்கத்தோடு இருவரும் உட்கார்ந்திருந்த சில நிமிடங்கள், போகவேண்டும் என்று நினைத்துப் போகாமல் விட்ட இடங்கள், இவ்வளவுதான் பாட்டில் நடப்பது. பெரிய இழப்பு எதுவும் இல்லை. குழந்தை சாயந்திரம் திரும்பி வந்துவிடுவாள். ஆனாலும் அக்னெத்தாவின் குரலில் ஒரு தயக்கம் இருக்கிறது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சை முழுதாக விடாமல் நிறுத்துகிறார், அடுத்த வரிக்கு வருவாரா என்று நமக்குக் கவலையாக இருக்கிறது.

என் மகள் வேனில் ஏறும்போது திரும்பிப் பார்க்கிற பழக்கம் உள்ளவளாக இருந்தாள். ஏறின பிறகு ஜன்னல் பக்கம் வந்து, கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று, வண்டி திரும்புகிற வரை பார்ப்பாள். போன வருடம் ஒரு நாள் திரும்பாமல் போய்விட்டாள். கோபம் எல்லாம் இல்லை, தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நான் வாசலில் கையைப் பாதி தூக்கியபடி நின்றேன். அன்றைக்கு ராத்திரி இந்தப் பாட்டைக் கேட்டேன், அதற்கு முன்னால் நான் கேட்டதெல்லாம் கேட்டதே இல்லை என்று தெரிந்தது.

இந்தப் பாட்டை அந்த வருடமே ஜப்பானில் கோகோ கோலா விளம்பரத்துக்காகப் படம் அச்சடித்த தனித்தட்டாகக் கொடுத்தார்கள். மேற்கே பெரிதாக வெளியிடவே இல்லை. 1999ல் லண்டனில் ஆபா பாட்டுகளை வைத்தே கட்டிய 'மாமா மியா' நாடகம் மேடையேறியபோது, கல்யாணத்துக்கு மகளைத் தயார் செய்கிற அம்மா பாடுகிற பாட்டாக இதை வைத்தார்கள். 2008 படத்தில் அதை மெரில் ஸ்ட்ரீப் பாடினார். அந்த நாடகத்துக்குப் பிறகுதான் உலகத்துக்கு இப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரிந்தது, 18 வருடத்துக்குப் பிறகு, வேறொருவர் குரலில். நாடகம் பாட்டைக் காப்பாற்றியது, அதற்கு நன்றி. ஆனால் எனக்குக் கல்யாண மேடையை விட அந்த ஏழு எட்டு வயதுக் குழந்தையின் பள்ளிக்கூடப் பைதான் கனமாக இருக்கிறது.

அப்போது ஆல்பத்தை எப்படி வரவேற்றார்கள் என்று கேட்டால், தோல்வி என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் அங்கேயே இருந்தது. ஸ்வீடனிலும் மேற்கு ஜெர்மனியிலும் முதலிடம். 'ஒன் ஆஃப் அஸ்' மேற்கு ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் அயர்லாந்திலும் முதலிடம், பிரிட்டனில் மூன்றாவது. பிரிட்டனில் அந்தக் கிறிஸ்துமஸுக்கு உச்சியில் இருந்தது ஹ்யூமன் லீக் குழு, சிந்தசைசரை மட்டுமே நம்பி வந்த இளைஞர்கள். அமெரிக்காவில் ஆல்பம் 29வது இடத்தோடு நின்றுவிட்டது, அங்கே 'வென் ஆல் இஸ் செட் அண்ட் டன்' 27வது இடம் வரை போனது. ஆனாலும் காற்று திரும்பிவிட்டது என்பது இரண்டு மாதத்தில் தெரிந்தது. 1982 பிப்ரவரியில் பிரிட்டனில் 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' தனிப்பாட்டாக வந்து 25வது இடத்தோடு நின்றுபோனது. 1975ல் 'எஸ்ஓஎஸ்' தொடங்கி வரிசையாக 18 தனிப்பாட்டுகள் முதல் பத்துக்குள் வந்த குழுவுக்கு, அந்த வரிசை அங்கே அறுந்தது. 'சூப்பர் ட்ரூப்பர்' விற்ற அளவுக்கு இது விற்கவும் இல்லை. இந்த ஆல்பத்துக்காக அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்யவும் இல்லை, 1980 மார்ச்சில் ஜப்பானில் முடித்ததுதான் கடைசிச் சுற்றுப்பயணம்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், தனிப்பாட்டைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு தயக்கம் இருந்தது. ஆல்பத்திலேயே அந்த ஆல்பத்தின் சாயல் குறைவாக இருக்கிற பாட்டைத்தான் பிரிட்டனில் இரண்டாவதாக அனுப்பினார்கள், பழைய ஆபாவை எதிர்பார்க்கிறவர்களுக்குப் பழைய ஆபா மாதிரி ஒன்று. தலைப்புப் பாட்டை அங்கே தனியாக வெளியிடவே இல்லை. அனுப்பியிருந்தால் பட்டியலில் மேலே போயிருக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் கேட்டவர்களுக்கு இந்தக் குழு இப்போது வேறு எங்கோ நிற்கிறது என்பதாவது தெரிந்திருக்கும்.

'ஒன் ஆஃப் அஸ்' பாட்டுக்கு இயக்குநர் லாஸ்ஸே ஹால்ஸ்ட்ரோம் எடுத்த வீடியோ கிடைத்தால் பாருங்கள். அக்னெத்தா தனியாக ஒரு புது வீட்டுக்குக் குடி வருகிறார். பொருட்களைப் பிரிக்கிறார், தள்ளி வைக்கிறார், சுவரில் படம் மாட்டுகிறார், தள்ளி நின்று பார்க்கிறார். பிரிவைக் காட்ட கண்ணீரும் மழையும் தேவைப்படவில்லை, ஒரு பெண் தனியாக நாற்காலியை நகர்த்துவதைக் காட்டினால் போதும்.

அப்புறம் ரொம்ப வருடம் பேச்சு மூச்சில்லை. எண்பதுகளில் ஆபாவின் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 'கோல்ட்' வந்து குழுவை மீட்டது, கூடவே கல்யாண வீட்டு ஆட்டத்துக்கான குழு என்கிற பிம்பத்தையும் நிரந்தரமாக்கியது. இந்த ஆல்பம் அந்தப் பிம்பத்துக்குள் அடங்கவில்லை. மெதுவாக, வாய்வழியாக, ஆழமாகக் கேட்கிறவர்கள் ஒருவர் ஒருவராகக் கண்டுபிடித்து, இன்றைக்கு 'ஆபாவின் சிறந்த ஆல்பம் எது' என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

2021 நவம்பரில் 'வாயேஜ்' வந்தது, 40 வருடம் கழித்துப் புது ஆல்பம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் அதனால் 'தி விசிட்டர்ஸ்' ஆல்பத்துக்கு நடந்த ஒரு நல்லதைச் சொல்லியாக வேண்டும். அன்றோடு இது ஆபாவின் கடைசி ஆல்பம் இல்லை என்று ஆகிவிட்டது. 40 வருடம் சுமந்த சீட்டு ஒரே நாளில் கழன்றது. அந்த வாரம் நான் புது ஆல்பத்தை ஒரு தடவை கேட்டுவிட்டு உடனே இதைத்தான் போட்டேன். பிரியாவிடையை எதிர்பார்க்காமல் கேட்டபோது, 'வென் ஆல் இஸ் செட் அண்ட் டன்' பாட்டில் அதுவரை நான் சோகம் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் உறுதி கேட்டது. ஃப்ரீடா எங்கேயும் முடிந்தது என்று பாடவில்லை, அடுத்து என்ன என்றுதான் பாடியிருக்கிறார்.

கடைசிப் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 'லைக் ஆன் ஏஞ்சல் பாஸிங் த்ரூ மை ரூம்'. ஆபாவின் பாட்டுகளில் பின்னணிக் குரலே இல்லாமல் ஒரே ஒரு குரல் மட்டும் பாடியது இது ஒன்றுதான். ஃப்ரீடாவும் பென்னியின் சிந்தசைசரும், வேறு யாரும் இல்லை. 2012ல் ஆல்பத்தை விரிவாக்கி மறுவெளியீடு செய்தபோது இந்தப் பாட்டு பிறந்த கதையை அதில் சேர்த்தார்கள், பழைய முயற்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரு நீளமான துண்டு. வேறு வார்த்தைகளோடு பாடிப் பார்த்திருக்கிறார்கள், பெரிய தாளம் போட்டு ஆட்டப் பாட்டாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், அக்னெத்தா குரலிலும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், தாளம் போனது, கோரஸ் போனது, இன்னொரு குரல் போனது.

மிஞ்சியது ஒரு கடிகாரச் சத்தம். டிக், டிக் என்று, முதலிலிருந்து கடைசி வரை, வேகம் மாறாமல். இரவு ஒரு பெண் நெருப்பின் முன் உட்கார்ந்திருக்கிறாள், பழைய நாள் ஒன்று அவள் அறை வழியாக வந்து போகிறது. ஹெட்போனில் கேட்டால் ஃப்ரீடா வார்த்தைக்கு முன்னால் வாய் திறப்பதுகூடக் கேட்கும். பாடி முடித்த பிறகும் கடிகாரம் கொஞ்சம் ஓடுகிறது. நேற்று இரவு அது நின்ற பிறகும் நான் ஹெட்போனைக் கழற்றவில்லை, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டிருந்தார்கள், மகள் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது.